அம்மன் காட்டிக்கொடுத்த ஈரம்

முதலில் ஒரு தோசை அளவுக்குத்தான் ஈரம் தெரிந்தது. போன வருஷம் ஆவணி மாதம். எங்கள் படுக்கை அறைச் சுவரில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், என் கணவர் தலை வைத்துப் படுக்கும் பக்கம். துணியால் துடைத்தேன். மறுநாள் அது தாம்பாளம் அளவுக்கு ஆகியிருந்தது. புரட்டாசி முடிவதற்குள் பாதிச் சுவர் ஏறிவிட்டது. பூச்சு உப்பிக்கொண்டு வந்தது. தொட்டால் கையோடு உதிர்ந்தது. உதிர்ந்த இடத்தில் உப்புப் பூத்தது, மூலையில் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. அறைக்குள் நுழைந்தாலே நனைந்த கோணிப்பை நாற்றம் அடிக்கும்.

வேறு வீடாக இருந்தால் இது ஒரு தொல்லை, அவ்வளவுதான். எங்கள் வீட்டில் இது உயிர்ப் பிரச்சினை. என் கணவர் சேகர் நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில், அது மூடும்வரை, அடியில் வேலை செய்தவர். பாறை உடைத்த தூசி இன்னும் அவர் நெஞ்சில் இருக்கிறது. வெயில் காலத்தில் எப்படியோ சமாளித்துவிடுவார். குளிரும் ஈரமும் சேர்ந்தால் நாலு வார்த்தை பேசுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குவார். கோலார் ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "அம்மா, அந்த அறை காயணும். காயலேன்னா இந்தக் குளிரை அவர் தாண்ட மாட்டார்."

போவதற்கு எங்களுக்கு வேறு வீடு இல்லை. அந்தச் சுவர் காய்ந்தால் அவர் இருப்பார். காயாவிட்டால் இல்லை. மூன்று மாதம் என் தலைக்குள் ஓடியது இது ஒன்றுதான்.

நான் தனலட்சுமி. என் வாயைப் பற்றி எங்கள் லைனில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நல்லதாகச் சொல்ல மாட்டார்கள். அம்மன் எனக்குச் செய்ததைச் சொல்ல வேண்டுமானால் நான் செய்ததையும் சொல்லியாக வேண்டும். மறைத்து எழுதினால் அது சாட்சி ஆகாது.

லைன் வீடுகள் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுரங்கக் கூலிகளுக்காக வெள்ளைக்காரன் கட்டியது. வரிசையாக ஒட்டி ஒட்டி இருக்கும். ஒரு சுவர் இரண்டு வீட்டுக்குச் சொந்தம். எங்களுக்கு அடுத்த வீடு என் கணவரின் அண்ணனுடையது. அண்ணன் தம்பி இருவரும் ஒரே ஷிப்டில் இறங்கியவர்கள். வீட்டுக்கு வந்த பிறகும் சுவரில் தட்டித்தான் பேசிக்கொள்வார்கள். சுரங்கத்தில் ஆளை ஏற்றி இறக்கும் கேஜ் மேலே ஏறும்போது, உள்ளே ஆள் இருக்கிறது என்று சொல்ல மூன்று மணி அடிப்பார்களாம். அதே கணக்கில் மூன்று தட்டு. அந்த அண்ணன், நான் மாமா என்று கூப்பிடுபவர், இறந்து நாலு வருஷம் ஆகிறது. இப்போது அந்த வீட்டில் அவருடைய மனைவி, என் ஓர்ப்படி வசந்தா அக்கா, தனியாக இருக்கிறார். மகள் ரேவதி பெங்களூரில் வேலை. வாரக் கடைசியில் வருவாள்.

அக்காவோடு எனக்குப் பேச்சு நின்றதும் அதே நாலு வருஷத்துக்கு முன்னால்தான். மாமா காரியம் முடிந்த மாதமே அவர் பின்பக்கம் பொதுச் சுவரை ஒட்டிப் பள்ளம் தோண்டி ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டினார். பத்து நாளைக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் ஊரில் தொட்டி இல்லாமல் எப்படிக் குடித்தனம் செய்வது? எனக்கும் தெரியும். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டுப் பச்சைத் தண்ணீர்கூடத் தொட மாட்டேன் என்று வாசலில் நின்று கத்தினேன். சொன்னபடியே இருந்தேன்.

அதே வருஷம் நாங்கள் தரையை உயர்த்தினோம். மழை பெய்தால் தெருத் தண்ணீர் உள்ளே வரும். உயர்த்துவதற்கு மண் வேண்டும். எங்கள் ஊரில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. தங்கம் எடுத்த பிறகு கொட்டிய அரைத்த மண், சயனைடு மேடு என்போம், மலை மலையாகக் கிடக்கிறது. மாவு மாதிரி இருக்கும். எடுக்கக் கூடாது என்பார்கள். எடுக்காத வீடு குறைவு. என் கணவர் மட்டும் வேண்டாம் என்றார்.

"அந்த மண்ணு வேணாம் தனம். இரும்பைத் தின்னும். அடியில வேலை செஞ்சவன் சொல்றேன், கேளு."

"தங்கம் வந்த மண்ணுங்க. வீட்டுக்கு வந்தா வேணாம்னு சொல்லுவாங்களா?" என்றேன். என்னிடம் யார் பேசி ஜெயித்தார்கள்? எங்கள் தரை ஒரு முழம் உயர்ந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கத் தொட்டியிலிருந்து முன்பக்கக் குளியலறைக்குப் போகும் பழைய இரும்புக் குழாய், பொதுச் சுவரை ஒட்டியே, அந்த மண்ணுக்குள் புதைந்தது. அக்கா வீட்டுத் தரை எங்களைவிட ஒரு முழம் பள்ளத்தில் நின்றது. எனக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

இப்போது ஈரம் வந்தபோது லைனில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "அது ஷாஃப்ட் தண்ணிம்மா, சொரங்கக் குழித் தண்ணி. பம்பு நிறுத்தின நாளிலேர்ந்து அடியில ஏறிக்கினேதான் வருது. ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்கள் பழைய ஆட்கள். எங்கள் ஊரில் எதற்கும் இந்தப் பதில் ஒன்று தயாராக இருக்கும். நான் நம்பவில்லை. எனக்கு வேறு பதில் தயாராக இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தொட்டி. தொட்டிக்குச் சொந்தக்காரி வசந்தா. இதற்கு மேல் என்ன விசாரணை வேண்டும்?

ஒரு பெயிண்டர் வந்து, ஈரம் வெளியே வராத மருந்து இருக்கிறது என்று பசை மாதிரி ஒன்றை இரண்டு கோட் அடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் சுவர் புது மணப்பெண் மாதிரி பளபளத்தது. பிறகு அம்மை போட்ட மாதிரிக் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உடைந்தது. என் கணவர் அந்த மருந்து வாசத்திலேயே இரண்டு நாள் உட்கார்ந்தபடி தூங்கினார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரேவதியைப் பெண் பார்க்க வந்தார்கள். நல்ல இடம். மாப்பிள்ளையின் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் ஜன்னல் ஓரம் நின்று காது கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே திடீரென்று ஒரு சலசலப்பு. அந்த அம்மா சுவரில் சாய்ந்திருக்கிறார், பூச்சு பெயர்ந்து புடவை முதுகு முழுக்க ஈரச் சுண்ணாம்பு. "இன்னாங்க இது, வீடே ஊறிப் போயி கீது" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தார்கள். காப்பிகூடக் குடிக்கவில்லை. நான் சிரித்தேன். மறைந்து நின்று சிரிக்கவில்லை. என் வாசலுக்கு வந்து, லைன் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். ரேவதி தலை குனிந்து நின்றாள். அந்தப் பிள்ளையை நான் தூக்கி வளர்த்திருக்கிறேன். அன்று அதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரவில்லை.

அவர்கள் சுவரும் ஊறியிருக்கிறதே, அவர்கள் தொட்டியே அவர்களை ஏன் நனைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. அவளுக்கு வேண்டும் என்று மட்டும் நினைத்தேன்.

கார்த்திகை பிறந்ததும் என் கணவருக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகிவிட்டது. கோலாருக்குக் கொண்டுபோனோம். பத்து நாள் ஆக்சிஜன். டாக்டர் அந்த அறையைப் பற்றி மறுபடியும் கேட்டார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

செவ்வாய்க்கிழமை காலை ஊருக்கு வந்து குளித்து, ஈரப் புடவையோடு எங்கள் லைன் மாரியம்மன் கோயிலுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் மண் வாரிப் போடுவது என்று ஒன்று உண்டு. அநியாயம் செய்தவன் மேல் அம்மன் சந்நிதியில் மண்ணை அள்ளிப் போட்டு முறையிடுவது. எங்கள் கோயிலில் அதற்கு ஒரு கட்டு இருக்கிறது. பெயரைச் சொல்லக் கூடாது. செய்த காரியத்தை மட்டும்தான் சொல்ல வேண்டும். ஆளைத் தேடுவது தாயின் வேலை என்பார் பூசாரி. "யோசிச்சுப் போடும்மா" என்றும் சொன்னார். எனக்கா யோசனை தேவை?

இரண்டு கையாலும் மண்ணை வாரினேன். "தாயே, என் புருஷனைக் காப்பாத்து. எவ வீட்டுத் தண்ணி அந்தச் சுவத்துல எறங்குதோ அவளைச் சும்மா விடாதே. அவ வீட்டுல மூச்சு நிக்கணும். அவ வீடு விளக்கு இல்லாம இருட்டாப் போவணும்" என்று சத்தமாகச் சொல்லிப் பலிபீடத்துக்கு முன்னால் போட்டேன். மனசு லேசானது. உண்மையைச் சொல்கிறேன், பசிகூட எடுத்தது.

அம்மன் உடனே வேலையைத் தொடங்கிவிட்டாள். அன்று மாலையே ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலுக்கு வந்த ஒரு பெண், பெங்களூரில் மழைத் தண்ணீர் புகுந்த வீடுகளைக் காயவைத்துச் சரிசெய்து தரும் ஒரு கம்பெனியைப் பற்றிச் சொன்னாள். போன் செய்தேன். என் கணவர் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் அவர்கள் ஆள் வந்தார். பெயர் மஞ்சுநாத். நிதானமான மனிதர். கையில் இரண்டு ஊசி நீட்டிய சின்ன மீட்டர். சுவரில் குத்தினால் எவ்வளவு ஈரம் என்று காட்டும். எங்கள் சுவரில் குத்தினார். அது கத்தியது. பெயிண்டர் அடித்த பசையைச் சுரண்டிப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

"இது உள்ள இருக்கற ஈரத்தைப் பூட்டி வச்சிருச்சு அக்கா. முதல்ல தண்ணி எங்கிருந்து வருதுன்னு பாக்கணும். அது தெரியாம மிஷின் வச்சா ஓட்டைக் குடத்தைத் தொடைக்கிற மாதிரி. தொடைச்சிக்கிட்டே இருக்கலாம்."

சோதனைக்கு அவர் வைத்திருந்தது பெரிய கருவி ஒன்றும் இல்லை. துணிக்குப் போடும் சொட்டு நீலம். ஒவ்வொரு வீட்டுத் தொட்டியாகக் கலக்க வேண்டும், எந்தத் தொட்டியின் நீலம் சுவரில் வருகிறதோ அங்கேதான் ஓட்டை. அவர் எங்கள் தொட்டியிலிருந்து தொடங்கலாம் என்றார். நான் விடவில்லை. பக்கத்து வீட்டுத் தொட்டிதான் முதலில் என்றேன். அதற்கு அக்கா சம்மதிக்க வேண்டுமே. முன்னறையில் படுத்திருந்த என் கணவர் எழுந்து வந்து அந்த ஈரச் சுவரில் மூன்று தட்டு தட்டினார். கொஞ்ச நேரத்தில் அக்கா எங்கள் வாசலில் வந்து நின்றார். நாலு வருஷத்தில் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அன்றுதான். பாதியாக இளைத்திருந்தார். இருமிக்கொண்டே இருந்தார்.

"இன்னா சேகரு?" என்றார். என்னைப் பார்க்கவில்லை.

என் கணவர் மூச்சு வாங்கி வாங்கி விஷயத்தைச் சொன்னார். அக்கா கேட்டு முடித்து, "போட்டுக்கோ" என்றார்.

நீலம் போட்டார்கள். மூன்று நாள் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் வரவில்லை. மஞ்சுநாத், "நோடி அக்கா, பாருங்க, அவங்க தொட்டியில தப்பு இல்ல" என்றார். எனக்கு ஒப்பவில்லை. தொட்டியைக் காலி செய்து வைத்தால் தெரிந்துவிடும், சுவர் காய்கிறதா இல்லையா பார்ப்போம் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அவர் தேவையில்லை என்றார். என் கணவர் வேண்டாம் என்றார். அக்கா தொட்டியின் வடிகால் அடைப்பைத் திறந்துவிட்டார். பத்து நாளைக்கு வைத்திருந்த தண்ணீர் நீலமாகச் சாக்கடையில் ஓடியது.

அதற்குப் பிறகு அவர் லைன் கடைசியில் இருக்கும் போர் குழாயில் உப்புத் தண்ணீர் பிடித்து, இரண்டு வீட்டுக்கு ஒருமுறை குடத்தை இறக்கி வைத்து, இருமி, மறுபடி தூக்கிக்கொண்டு போவார். குடிக்க யார் வீட்டிலாவது ஒரு சொம்பு வாங்கிக்கொள்வார். நான் வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டே இதைப் பார்த்தேன். மண் வாரிப் போட்டது வேலை செய்கிறது என்று நினைத்தேன்.

சுவர் காயவில்லை. ஆறாம் நாள் மஞ்சுநாத் என்னைக் கேட்காமலே எங்கள் தொட்டியில் நீலம் கலந்தார். மறுநாள் பகல் பதினோரு மணி இருக்கும். பக்கத்து வீட்டிலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, ஒரு நிமிஷம் இங்க வாங்க."

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்த வாசற்படியைத் தாண்டினேன். உள்ளே போனதும் கால் சில்லிட்டது. எங்கள் வீட்டு ஈரம் ஒன்றுமே இல்லை. அங்கே சுவர் மேல்வரை கறுத்திருந்தது. அக்காவின் கட்டில் கால்கள் ஒவ்வொன்றுக்கும் அடியில் செங்கல். மெத்தை மேல் பிளாஸ்டிக் விரிப்பு. மாமா படத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் ஏறி முகத்தில் பாதி தெரியவில்லை. அதற்கு நேர் கீழே, அக்கா தலை வைத்துப் படுக்கும் இடத்தில், சுவரின் அடியிலிருந்து நீலமாகக் கசிந்து தரையில் ஒரு கோடு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொட்டி நீலம். எங்கள் தரை மேடு, அவர்கள் தரை பள்ளம். தண்ணீர் பள்ளத்துக்குத்தானே போகும். எங்களுக்கு வந்தது மிச்சம்தான்.

அன்று மதியமே எங்கள் அறைத் தரையை உடைத்தார்கள். ஒரு முழம் தோண்டியதும் அந்த மண் சேறாக வந்தது. அதற்குள் குழாய். மஞ்சுநாத் கையால் தொட்டார், பிஸ்கட் மாதிரி உடைந்து கையோடு வந்தது. "இந்த மண்ணுல உப்பு ஜாஸ்தி அக்கா. இரும்பு தாங்காது. ஈரத்தையும் விடாது" என்றார். என் கணவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார். நாலு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்ததை அப்போது சொன்னார்.

"உன் தங்க மண்ணு. அண்ணி நெஞ்சுல பாதி, என் நெஞ்சுல பாதி."

அதுவரை எனக்கு அவமானம் மட்டும்தான் இருந்தது. பயம் பிறகுதான் வந்தது. உடைத்த தூசியோ, நின்ற களைப்போ, மாலைக்குள் அவருக்கு மறுபடி மூச்சு திணறியது. ஆம்புலன்ஸில் கோலார் போகும் வழியில் ஆக்சிஜன் முகமூடிக்குள் அவர் வாய் திறந்து மூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் கோயிலில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக எனக்குக் கேட்டது. எவ வீட்டுத் தண்ணி அந்தச் சுவத்துல எறங்குதோ. அவ வீட்டுல மூச்சு நிக்கணும். நான் பெயர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்றார் பூசாரி, சொல்லவில்லை. தாய் தேடிக் கண்டுபிடித்துவிட்டாள். என் புருஷன் மேல் நானே மண் வாரிப் போட்டிருக்கிறேன்.

டாக்டர், இந்தத் தடவை கஷ்டம், சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். என் கூடப் பிறந்த அக்காவின் மகனை வரவழைத்துக் காவலுக்கு வைத்துவிட்டு, விடிந்ததும் முதல் பஸ் பிடித்து ஊருக்கு வந்து பூசாரி காலில் விழுந்தேன். போட்டதைத் திருப்பி எடுக்க முடியுமா என்று கேட்டேன்.

"முடியும். ஆனா தாய் கையில இல்ல" என்றார். "எவளை நெனச்சுப் போட்டியோ அவகிட்ட நீயே வாயால சொல்லணும். சொல்லிட்டு அவ கையால தண்ணி வாங்கிக் குடிக்கணும். அவ மனசு வச்சுக் குடுத்தாதான். அப்பறம் வந்து மண்ணை அள்ளி எடுத்துக்கினு போ."

காலை எட்டு மணி. போர் குழாயில் கூட்டம். வரிசையில் அக்கா குடத்தோடு நின்றிருந்தார். அவருக்கு முன்னால் போய் நின்றேன். வாய் வரவில்லை. எனக்கு வாய் வராத முதல் நாள் அது.

"அக்கா, உங்க மேல மண்ணு வாரிப் போட்டுட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார். "அன்னிக்கு நானும் கோயில்லதான் இருந்தேன், வேப்ப மரத்துக்கு அந்தாண்ட. நீ சொன்னது எல்லாம் கேட்டுது."

"அப்பறம் ஏங்கா தொட்டியத் தொறந்து விட்டீங்க?"

"எந்தத் தண்ணின்னு ஒனக்குத் தெரியட்டும்னுதான். எங்க தண்ணி இல்லன்னு எனக்குத் தெரியும். எங்க தொட்டியத் தொறந்து ரெண்டு தடவை பூசிட்டேன். ஒங்கிட்ட வந்து சொன்னா நீ கேப்பியா?"

நான் அவர் காலைத் தொடப் போனேன். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"அதெல்லாம் வேணாம். சொல்லணும்னு வந்தியே, சொல்லு. மெதுவா இன்னா சொல்றது? ரேவதியப் பொண்ணு பாக்க வந்த அன்னிக்கு சிரிச்சியே, அந்தச் சத்தத்துல சொல்லு. அன்னிக்குக் கேட்டவங்க எல்லாரும் இங்கதான் நிக்கறாங்க."

சொன்னேன். குழாயடியில், அத்தனை பேருக்கும் முன்னால், தண்ணீர் என்னுடையது, மண் என்னுடையது, பழி போட்டது நான், சிரித்தது நான் என்று சத்தமாகச் சொன்னேன். யாரும் என்னைத் தேற்றவில்லை. ஒருத்தி குடத்தை நகர்த்தி வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். இன்னொருத்தி வாய்க்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. முடித்துவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்கக்கா. அவர் அங்க மூச்சுக்குப் போராடறார்" என்றேன்.

அக்கா காலிக் குடத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். பின்னாலேயே போனேன். என்னை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார். வெகு நேரம் வரவில்லை. வர மாட்டார் என்றே நினைத்தேன். வரும்போது கையில் ஒரு சொம்பு இருந்தது. அதில் பாதிகூட இல்லை.

"தொட்டியில தண்ணி இல்ல. நீதான் காலி பண்ண வச்ச. இது மாத்திரை போட்டுக்க வச்சிருந்தது. வீட்டுல இருக்கறது இவ்வளவுதான்" என்றார். சொம்பை நீட்டினார். "சேகருக்காகக் குடுக்கறேன். என் கையால சோறு தின்னவன். ஒனக்காக இல்ல. நான் மனசு மாறிட்டேன்னு நெனச்சுக்காதே. குடி."

நின்றபடியே குடித்தேன். ஒரு சொட்டும் கீழே விடவில்லை. சொம்பைத் திருப்பிக் கொடுத்தபோது அவர் அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அவர் இருமுவது கேட்டது. நான் கோயிலுக்கு ஓடி, பலிபீடத்துக்கு முன்னால் என் மண் எது, ஊர் மண் எது என்று தெரியாமல், கைக்கு வந்ததை எல்லாம் முந்தானையில் அள்ளிக்கொண்டு வந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல். காவலுக்கு வைத்த என் அக்கா மகன் வாசலிலேயே நின்றிருந்தான். நான் பார்த்த மாத்திரத்தில் உட்கார்ந்துவிட்டேன். அவன் என்னைத் தூக்கி, "சித்தப்பா கஞ்சி கேட்டார் சித்தி" என்றான். காலையில் எட்டரை ஒன்பது மணிக்கு மேல் மூச்சுத் திணறல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி வந்ததாம். மாற்றிப் போட்ட ஊசி வேலை செய்தது என்றார் டாக்டர். ஊசி வேலை செய்தது, மறுக்கவில்லை. அந்த நேரத்துக்கு நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன், என் கையில் யாருடைய சொம்பு இருந்தது என்று எனக்குத் தெரியும். என் தாய் கேட்டுவிட்டாள்.

மஞ்சுநாத்தின் ஆட்கள் மறுநாளே வந்தார்கள். முதலில் அக்கா வீடு என்றேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சரி என்றார். எங்கள் தரையிலிருந்த மண் முழுவதையும் வாரி வெளியேற்றி, குழாயை வெளிப்புறமாக மாற்றினார்கள். இரண்டு பக்கமும் இடுப்பு உயரத்துக்குப் பூச்சைக் கொத்தி எடுத்துச் சுவரை மூச்சு விட வைத்தார்கள். பெரிய விசிறிகளும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் ஒரு மிஷினும் வைத்தார்கள். அந்த மிஷினில் ஒரு நாளைக்கு ஒரு பக்கெட் தண்ணீர் சேர்ந்தது. அதை நானே தூக்கிப் போய்க் கொட்டினேன். அக்கா இத்தனை நாள் இதைத்தான் மூச்சாக இழுத்தார் என்று நினைத்துக்கொண்டே கொட்டினேன். மீட்டர் கத்துவதை நிறுத்த மூன்று வாரம் ஆனது. அதன்பிறகுதான் சுண்ணாம்புப் பூச்சு. தை மாதம் என் கணவர் காய்ந்த அறைக்குத் திரும்பினார்.

பக்த சகோதரிகளே, எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ரேவதிக்கு அந்த இடம் திரும்பி வரவில்லை. அக்காவின் இருமல் நிற்கவில்லை, நிற்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தண்ணீர் வரும் நாளில் முதல் குடத்தை அவர் தொட்டியில் ஊற்றிவிட்டுத்தான் என் தொட்டிக்குப் போகிறேன். அவர் வேண்டாம் என்றும் சொல்வதில்லை, நன்றாக இரு என்றும் சொல்வதில்லை. மறுபடி எனக்குத் தண்ணீர் கொடுத்ததும் இல்லை. என் கணவர் சில நாள் சுவரில் மூன்று தட்டுவார். அந்தப் பக்கத்திலிருந்து மூன்று பதில் வரும். நான் தட்டிப் பார்த்ததில்லை. என் வாய் குறைந்துவிட்டது என்று லைனில் சொல்கிறார்கள்.

ஆனாலும் அந்தத் தாயை நம்புங்கள் என்றுதான் சொல்வேன். அவள் காது கேளாதவள் இல்லை. நீங்கள் உடைந்து போய் நிற்கும்போது வந்து நிற்பாள், ஆளை அனுப்புவாள், வழியைக் காட்டுவாள். என் தாலியைக் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். கேளுங்கள், கொடுப்பாள். உங்களுக்கு நல்லது கேளுங்கள். அடுத்தவளுக்குக் கெட்டது கேட்காதீர்கள். அதையும் கேட்டுக்கொள்வாள்.

ஆடி மாதம் கூழ் ஊற்றிய பிறகு இதை எழுதி முடித்தேன். பக்திப் பத்திரிகைக்கு அனுப்புவதற்கு முன் வசந்தா அக்கா வாசலில் நின்று முழுவதையும் படித்துக் காட்டினேன். அவர் முறத்தில் அரிசியை வைத்துக் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டார். முடிந்ததும் கேட்டார்.

"சிரிச்சத எழுதினியா?"

"எழுதியிருக்கேங்கா. படிச்சேனே."

"இன்னொரு தடவை படி."

படித்தேன். ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்துவிட்டு, "சரி, அனுப்பு" என்றார்.